கார்பன் பேப்பரில் ஓடிய பத்திரிகை

உங்க வீட்ல ஐம்பது வயசைத் தாண்டினவங்க யாராவது இருந்தா, 'சோவியத் நாடு' பத்திரிகை ஞாபகம் இருக்கான்னு கேட்டுப் பாருங்க. நிறைய பேருக்கு உள்ளே இருந்த கட்டுரை எதுவும் ஞாபகம் இருக்காது. அந்த வழவழ தாள் மட்டும் ஞாபகம் இருக்கும். நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட அதை விட்டா வேற தாள் கிடையாதுன்னு சொல்லுவாங்க. கூடவே முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர்னு மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி இங்கே சல்லிசான விலைக்கு வந்த புத்தகங்கள். ஒரு தலைமுறைக்கே டால்ஸ்டாயும் இயற்பியலும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

தமிழ் உட்பட எத்தனையோ மொழிகளுக்குத் தாளையும் மையையும் அள்ளி இறைச்ச அதே அரசு, தன் தலைநகரத்தில் ஒரு சாதாரண குடிமகன் நாலு பக்கம் சொந்தமாக அச்சடிக்க விட்டதில்லை. அச்சகம் அரசுடையது. பதிப்பகம் அரசுடையது. எது அச்சாவதற்கு முன்னும் தணிக்கை அலுவலகத்தின் ஒப்புதல் வேணும். ஆபீஸ்களில் இருந்த நகலெடுக்கும் கருவிகள்கூட பூட்டுக்குள்தான் இருந்தன.

அந்த ஊரில் 1968 முதல் 1983 வரை ஒரு அரசியல் செய்தி இதழ் வந்தது. அச்சகம் கிடையாது, விலை கிடையாது, அலுவலக முகவரி கிடையாது, ஆசிரியர் பெயரும் கிடையாது. இந்த எபிசோட் அந்த இதழைப் பற்றியது. சரியாகச் சொன்னால், அதைப் படிச்சவங்களைப் பற்றியது. அரசியல் எழுத்தோட வரலாறுன்னு பேச ஆரம்பிச்சா நாம எப்பவும் எழுதினவங்க கதையைத்தான் சொல்றோம். படிச்சவங்க கணக்கு வெறும் எண்ணிக்கையா கீழே ஒரு மூலையில் நிக்கும். இங்கே அப்படிப் பிரிக்கவே முடியாது. இதைப் படிச்சவங்க இல்லைன்னா அந்த இதழே இல்லை.

இதழின் பெயர் ரஷ்ய மொழியில் 'க்ரோனிகா தெகூஷிக் சபீத்தி'. நடப்பு நிகழ்வுகளின் பதிவேடுன்னு சொல்லலாம். இனி க்ரோனிகான்னே வச்சுக்குவோம்.

முதலில் அதுக்கு முந்தைய நிலைமை என்னன்னு ஒரு உதாரணம். 1962 ஜூனில் தெற்கு ரஷ்யாவில் நோவோசெர்காஸ்க் என்ற ஊரில், விலைவாசி உயர்வையும் கூலிக் குறைப்பையும் எதிர்த்து ஒரு பெரிய ரயில் எஞ்சின் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். படை வந்தது, சுட்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். உடல்களை ரகசியமாக வேற வேற இடங்களில் புதைத்தார்கள். எந்தச் செய்தித்தாளிலும் ஒரு வரி இல்லை. தொழிலாளர் அரசு என்று சொல்லிக்கொண்ட நாட்டில் தொழிலாளர்களைச் சுட்டது, அந்த நாட்டு மக்களில் பெரும்பாலானோருக்குப் பல வருஷம் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு யாரும் கோபப்பட முடியாது இல்லையா? அந்த அரசோட உண்மையான பலம் அங்கேதான் இருந்தது.

ஆனா தாள் வேற ஒரு வழியில் ஏற்கெனவே நகர ஆரம்பிச்சிருந்தது. 1940களில் நிகலாய் கிளாஸ்கவ் என்ற கவிஞர், தன் கவிதைகளைத் தானே தட்டச்சு செய்து, பதிப்பகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தன்னைத்தானே பதிப்பித்தது' என்ற அர்த்தத்தில் ஒரு கிண்டல் வார்த்தையைப் போட்டார். அரசுப் பதிப்பகத்தின் பெயரை நக்கலடிக்கிற வார்த்தை. அது சுருங்கி 'சமிஸ்தத்' ஆனது. ஐம்பதுகளின் கடைசியில் ஸ்டாலின் போன பிறகு, தடை செய்யப்பட்ட கவிதை, நாவல், முகாம் நினைவுகள் எல்லாம் இப்படித்தான் கைமாறின. ஒரு டைப்ரைட்டர், வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசான தாள், நடுவில் கார்பன் பேப்பர். ஓங்கித் தட்டினால் ஒரே நேரத்தில் ஐந்து, ஆறு பிரதி கிடைக்கும். கடைசிப் பிரதியைப் படிக்கக் கண்ணைச் சுருக்கணும். அதை வாங்கினவர் ராத்திரியோடு ராத்திரியாகப் படிச்சுட்டுத் திருப்பித் தருவார், இல்லைன்னா உட்கார்ந்து தானும் ஐந்து ஆறு பிரதி அடிப்பார்.

அதாவது இலக்கியம் ஏற்கெனவே இப்படி ஓடிக்கொண்டிருந்தது. அரசியல் செய்தி அந்தப் பாதையில் ஏறியதற்கு வழக்குகள் காரணம். 1966இல் சின்யாவ்ஸ்கி, தானியேல் என்ற இரண்டு எழுத்தாளர்களுக்கு, வெளிநாட்டில் கதை வெளியிட்டதற்காக முகாம் தண்டனை. அந்த வழக்கின் ஆவணங்களைத் தொகுத்ததற்காக அலெக்சாந்தர் கின்ஸ்பர்க் கைது. 1968 ஜனவரியில் அவரோடு சேர்த்து நாலு பேருக்கு விசாரணை. அந்த நாலு பேரில் ஒருவர், வெரா லஷ்கோவா, தட்டச்சு செய்தவர். டைப் அடிச்சதுக்கு வழக்கு. இந்த விசாரணையை எதிர்த்து நூற்றுக்கணக்கானோர் சொந்தப் பெயரில் கடிதங்களில் கையெழுத்துப் போட்டார்கள். பலருக்கு வேலை போனது, சிலரைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். யாருக்கு என்ன ஆச்சுங்கிற தகவல் மாஸ்கோவின் சமையலறைகளில் வாய்வழியாக மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இதை யாராவது ஒரு இடத்தில் எழுதி வச்சா என்ன?

நதாலியா கோர்பனேவ்ஸ்கயா உட்கார்ந்தார். கவிஞர், வயசு முப்பத்தொன்று, நிறைமாத கர்ப்பிணி. முதல் இதழில் போட்ட தேதி 1968 ஏப்ரல் 30. அந்த வருஷத்தை ஐ.நா. மனித உரிமை ஆண்டாக அறிவித்திருந்தது. அதனால் முகப்பில் 'சோவியத் யூனியனில் மனித உரிமை ஆண்டு' என்று தலைப்பு, அதன் கீழே மனித உரிமைப் பிரகடனத்தின் 19ஆம் பிரிவு. தகவலைத் தேடவும் பெறவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை உண்டுன்னு சொல்ற பிரிவு. அடுத்த மாதம் அவருக்குக் குழந்தை பிறந்தது. அடுத்த இதழும் வந்தது.

உள்ளே என்ன இருக்கும்? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. தலையங்கம் இல்லை. 'அராஜக அரசே' மாதிரியான வசனம் ஒன்றுகூட இல்லை. இன்னார் வீட்டில் இந்தத் தேதி சோதனை, இன்னின்ன பொருள் எடுத்துப் போனார்கள். இன்னார் மேல் இந்தப் பிரிவில் வழக்கு, நீதிபதி பெயர் இது, தண்டனை இவ்வளவு. இன்னார் முகாமில் உண்ணாவிரதம், தனியறையில் இத்தனை நாள். நான் வேலையில் தினமும் பார்க்கிற சர்வர் லாக் ஃபைல் மாதிரியே இருக்கும். நேரம், இடம், என்ன நடந்தது. அவ்வளவுதான். பிறகு வந்த இதழ்களில் பகுதிகள் நிலைபெற்றன: கைதுகளும் சோதனைகளும், முகாம்களிலும் சிறைகளிலும், நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கும் துன்புறுத்தல், சமிஸ்தத் செய்திகள். கடைசியில் திருத்தங்கள்னு ஒரு பகுதி. முந்தைய இதழில் பெயர் தப்பாக வந்திருந்தால், தேதி மாறியிருந்தால், அங்கே சொல்லிவிடுவார்கள்.

இந்த வறட்டு நடைக்குப் பின்னால் ஒரு சட்டக் கணக்கும் உண்டு. 1966இல் குற்றவியல் சட்டத்தில் புதுசாக 190-1 என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சோவியத் அமைப்பைப் பற்றித் 'தெரிந்தே பொய்யான' அவதூறு பரப்பினால் மூன்று வருஷம் வரை முகாம். சரி, பொய் இல்லாமலே எழுதுவோம், அப்புறம் எப்படி வழக்குப் போடுவீங்க? இந்த மாதிரி யோசனைக்கு மூலவர் அலெக்சாந்தர் எசெனின்-வோல்பின். கணிதத் தர்க்கம் படித்தவர். 1965 டிசம்பர் 5 அன்று புஷ்கின் சதுக்கத்தில், "உங்கள் அரசியலமைப்பை நீங்களே மதியுங்கள்" என்ற கோரிக்கையோடு ஒரு சின்னக் கூட்டத்தைக் கூட்டியவர். சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பதை அப்படியே, எழுத்துக்கு எழுத்து நம்புவது போல நடந்துகொள்வது. அதைவிடக் குடைச்சலான எதிர்ப்பு அந்த அரசுக்கு வேற இல்லை.

இப்போ வாசகர் விஷயத்துக்கு வர்றேன்.

முதல் சில இதழ்களில் செய்தி பெரும்பாலும் மாஸ்கோ, லெனின்கிராட் வட்டாரத்துடையது. ஆசிரியருக்குத் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். கீவில் ஒரு கைது நடந்தால், தாஷ்கென்ட்டில் ஒருத்தரை வேலையை விட்டுத் துரத்தினால், தகவல் எப்படி வரும்? முகவரி போட முடியாது. போட்டால் முதலில் வருவது கேஜிபி. 1968 டிசம்பரில் வந்த ஐந்தாவது இதழ் வாசகர்களுக்கு ஒரு வழி சொன்னது. சாரம் இதுதான்: உங்களுக்கு ஒரு தகவல் தெரிஞ்சா, இந்த இதழை உங்க கையில் கொடுத்தாரே, அவரிடம் சொல்லுங்க. அவர், தனக்குக் கொடுத்தவரிடம் சொல்லுவார். அப்படியே போய்ச் சேரும். ஆனா நீங்களே சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு மேலே மேலே போய் மூலத்தைத் தேடாதீங்க. உளவாளின்னு நினைச்சிடுவாங்க.

கொஞ்சம் நிறுத்தி இதை யோசிச்சுப் பாருங்க. பிரதி கீழே இறங்கி வந்த அதே பாதையில் செய்தி மேலே ஏறுகிறது. சங்கிலியில் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ரெண்டே ரெண்டு பேரைத் தெரிந்தால் போதும். கொடுத்தவர், வாங்கினவர். ஒருத்தர் பிடிபட்டாலும் முழு வலை தெரியாது. நெட்வொர்க்கிங் பாடத்தில் நாம ரவுட்டர் பற்றிப் படிச்ச விஷயம்தான். பாக்கெட்டுக்கு மொத்த வரைபடம் தேவையில்லை, அடுத்த படி தெரிஞ்சா போதும். ஆனா நம்ம ரவுட்டருக்குப் பயம் கிடையாது. இங்கே ஒவ்வொரு படியிலும் ஒரு ஆள். அவருக்கு ஒரு வேலை, ஒரு குடும்பம், சுவருக்கு அந்தப் பக்கம் காது கொடுக்கிற ஒரு பக்கத்து வீட்டுக்காரர்.

அதனால இங்கே 'வாசகர்' என்ற சொல்லுக்கே படிகள் உண்டு. வாங்கிப் படிப்பது ஒன்று. ஒரு ராத்திரி வீட்டில் வைத்திருப்பது அதைவிடக் கொஞ்சம் கூட, ஏன்னா சோதனையில் கிடைத்தால் அதுவே சாட்சி. இன்னொருத்தருக்குக் கொடுப்பது சட்டப்படி 'பரப்புதல்'. தட்டச்சு செய்வது 'தயாரித்தல்'. அதுக்கும் மேலே, கேள்விப்பட்டதை எழுதி மேலே அனுப்புவது. அப்போது நீங்க நிருபர். இவங்க யாரும் ஒரு நாள் காலையில் எழுந்து இனி நான் அரசியல்வாதின்னு முடிவு பண்ணவங்க கிடையாது. உயிரியல் ஆய்வாளர், மொழியியலாளர், கணக்கு வாத்தியார், நூலகர். ஒரு படி ஏறினவங்க அடுத்த படியில் காலை வச்சாங்க, சிலர் அங்கேயே நின்னுட்டாங்க. நின்னவங்களைக் குறை சொல்ற தைரியம் எனக்கு இல்லை. படிச்சுட்டு வாயை மூடிக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுத்தவர்கள்தான் அந்தச் சங்கிலியில் அதிகம் இருந்திருப்பார்கள்.

கோர்பனேவ்ஸ்கயா எல்லாப் படியையும் ஒரே வருஷத்தில் ஏறினார். 1968 ஆகஸ்ட் 21இல் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. 25ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மதியம், செஞ்சதுக்கத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து பதாகைகளை விரித்தார்கள். அவற்றில் ஒன்று 'உங்கள் சுதந்திரத்துக்காகவும் எங்கள் சுதந்திரத்துக்காகவும்' என்றது. கோர்பனேவ்ஸ்கயா மூன்று மாதக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அழைத்து வந்திருந்தார். சில நிமிஷம்தான், அதுக்குள் ஆட்கள் பாய்ந்து வந்து அடித்து இழுத்துப் போனார்கள். விக்தர் ஃபைன்பெர்க் என்பவருக்கு முன்பற்கள் உடைந்தன. அந்த முகத்தை நீதிமன்றத்தில் காட்ட முடியாதே? அவரை மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். கைக்குழந்தை இருந்ததால் கோர்பனேவ்ஸ்கயாவை அப்போதைக்கு விட்டார்கள். அவர் வீட்டுக்குப் போய், நடந்ததை உலகப் பத்திரிகைகளுக்குக் கடிதமாக எழுதினார். அது க்ரோனிகாவின் மூன்றாவது இதழில் வந்தது.

1969 டிசம்பர் 24இல் அவரையும் கைது செய்தார்கள். டிசம்பர் 31 தேதியிட்ட அடுத்த இதழ், தன் ஆசிரியரின் கைதையும் மற்ற செய்திகளோடு ஒரு செய்தியாகப் பதிந்தது. அவரே க்ரோனிகாவை நடத்தியவர் என்று அதில் இல்லை. எப்படி இருக்கும்? அவருக்கு 'மந்தகதி மனச்சிதைவு' என்று ஒரு நோயைச் சூட்டி கசான் நகரத்துச் சிறப்பு மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள். சோவியத் மனநல மருத்துவம் வைத்திருந்த ஒரு வசதியான நோய் அது. வெளியே தெரிகிற அறிகுறி எதுவும் தேவையில்லை, சீர்திருத்த வெறி என்பதே அறிகுறி. 1972 பிப்ரவரியில்தான் அவர் வெளியே வந்தார்.

இதழ் நிற்கவில்லை. வேறு கைகளுக்குப் போனது. முகாம்களிலிருந்து, மிகச் சின்னக் கையெழுத்தில் மெல்லிய தாளில் எழுதிய குறிப்புகள் வர ஆரம்பித்தன. ஸ்டாலின் காலத்தில் மொத்தமாக நாடு கடத்தப்பட்ட கிரிமியத் தாத்தார்கள், உக்ரேனியர்கள், பாப்டிஸ்ட் சபையினர், இஸ்ரேலுக்குப் போக அனுமதி கேட்ட யூதர்கள். ஒவ்வொரு குழுவும் தனித்தனியே, தங்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்குதுன்னு நினைத்துக்கொண்டிருந்தது. இப்போது ஒரே இதழில் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் வந்தார்கள். ஒரு லித்துவேனியக் கத்தோலிக்கர் தாத்தார்களின் வழக்கைப் படிக்கிறார், மாஸ்கோ இயற்பியலாளர் ஒரு கிராமத்து பாப்டிஸ்ட் பாதிரியாரின் தண்டனையைப் படிக்கிறார். க்ரோனிகா செய்த பெரிய அரசியல் வேலை இதுதான்னு நான் நினைக்கிறேன்.

வாசகர்கள் தங்கள் ஊரிலேயே கடை திறந்தார்கள். 1970இல் உக்ரேனில் வியாசெஸ்லாவ் சொர்னோவில் 'உக்ரேனிய தூதன்' என்ற இதழைத் தொடங்கினார். 1972இல் லித்துவேனியாவில் 'லித்துவேனியக் கத்தோலிக்கத் திருச்சபையின் பதிவேடு' வந்தது. பெயரிலேயே தாய் இதழ் தெரியும். அது 1989 வரை 81 இதழ் ஓடியது. அதன் 11ஆவது இதழைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோதே நியோலே சதூனைத்தே என்ற பெண்ணைப் பிடித்து, மூன்று வருஷம் முகாம், மூன்று வருஷம் ஒதுக்குப்புற ஊரில் வாசம் என்று தண்டித்தார்கள்.

இதுவரை சொன்னதில் ஒரு வீரக் கதையின் வாசனை வருது. அடுத்து வருவது அப்படியில்லை.

க்ரோனிகாவை ஒழிப்பதற்கென்றே கேஜிபி '24ஆம் எண் வழக்கு' என்று ஒன்றை நடத்தியது. 1972 ஜூனில் பியோத்தர் யாகிரையும், செப்டம்பரில் விக்தர் க்ராசினையும் கைது செய்தார்கள். யாகிர் சாதாரண ஆள் இல்லை. அவருடைய அப்பா 1937இல் ஸ்டாலின் சுட்டுக்கொன்ற தளபதி. அப்பா செத்த வருஷம் மகனையும் பிடித்துக்கொண்டு போனார்கள், அப்போது வயசு பதினாலு. இளமை முழுக்க முகாம்களில் போனது. அந்த மனுஷன் இரண்டாவது முறை உடைந்தார். க்ராசினும் உடைந்தார். தெரிந்த பெயரையெல்லாம் சொன்னார்கள், மற்றவர்களோடு நேருக்கு நேர் உட்கார்ந்து 'நீயும் ஒத்துக்கொள்' என்று பேசினார்கள். 1973 செப்டம்பரில் வெளிநாட்டு நிருபர்கள் முன்னால், தொலைக்காட்சி கேமரா ஓட, தாங்கள் செய்தது தவறு என்று சொன்னார்கள். சங்கிலியில் ரெண்டு பேரைத்தான் தெரியும்னு சொன்னேன் இல்லையா? மையத்தில் இருந்தவங்களுக்கு அது பொருந்தாது. அவங்களுக்கு நிறைய பேரைத் தெரியும். வடிவமைப்பு எவ்வளவு நல்லா இருந்தாலும் நடுவில் ஒரு சின்னக் கும்பல் இருந்தே ஆகுது, அதுதான் உடையுற இடம்.

அதோடு கேஜிபி ஒரு செய்தியும் அனுப்பியது. இனி ஒவ்வொரு புது இதழுக்கும் ஆட்கள் கைதாவார்கள். இதழைத் தயாரித்தவர்தான் கைதாக வேண்டும் என்றில்லை, யார் வேண்டுமானாலும்.

1972 அக்டோபர் தேதியிட்ட 27ஆவது இதழோடு க்ரோனிகா நின்றது. ஒன்றரை வருஷம் எதுவும் வரவில்லை. பயம்னு ஒரு வார்த்தையில் முடிச்சுடலாம், ஆனா விஷயம் அது இல்லை. தனக்காக முடிவெடுப்பது எளிது. நான் எழுதுவேன், வருவது வரட்டும்னு சொல்லிடலாம். நான் எழுதினா நீ உள்ளே போவன்னு இருந்தா? இன்னொருத்தர் சார்பா அந்தத் தைரியத்தை எடுத்துக்க எனக்கு யார் உரிமை கொடுத்தா? மறுபடி தொடங்கியபோது 28ஆவது இதழ் இதைச் சுருக்கமாகச் சொன்னது: தங்களுக்காக மட்டும் இல்லாமல் மற்றவர்களுக்காகவும் முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருந்தோம், மௌனம் நீடித்தால் அந்தப் பிணைக்கைதித் தந்திரத்தை நாமே ஆதரிப்பதாக ஆகிவிடும் என்ற அர்த்தத்தில்.

அவர்கள் கண்டுபிடித்த பதில் என்ன தெரியுமா? பெயர் போடுவது. 1974 மே 7 அன்று மாஸ்கோ வீடு ஒன்றில் வெளிநாட்டு நிருபர்களை அழைத்தார்கள். தத்யானா வெலிகானவா, கணிதம் படித்தவர். செர்கேய் கவல்யோவ், உயிரியலாளர். தத்யானா ஹதரோவிச், மொழியியலாளர். மூன்று பேரும் கையெழுத்திட்ட ஒரு அறிக்கை: க்ரோனிகா சட்டவிரோதம் என்று நாங்கள் கருதவில்லை, அதை முடிந்தவரை பரவலாகச் சேர்ப்பது எங்கள் கடமை. மேசையில் ஒன்றுக்கு மூன்று இதழ்கள் இருந்தன: 28, 29, 30. விட்டுப்போன மாதங்களில் நடந்த கைதுகளையும் வழக்குகளையும் தேதி வாரியாக நிரப்பி வைத்திருந்தார்கள். அதாவது வெளியிடுவதைத்தான் நிறுத்தியிருந்தார்கள், பதிவதை நிறுத்தவே இல்லை.

பெயர் போட்டதன் கணக்கு எளிமையானது. யாரையாவது கைது செய்யணும்னா, இதோ நாங்க இருக்கோம். சம்பந்தமில்லாதவரைப் பிடிக்காதீங்க. முகவரி இல்லாத சங்கிலியின் முனையில் மூன்று பேர் தங்கள் முகவரியை மாட்டினார்கள்.

கேஜிபி அதை ஏற்றுக்கொண்டது. கவல்யோவை 1974 டிசம்பரில் கைது செய்தார்கள். மாஸ்கோவில் விசாரித்தால் நண்பர்கள் கூடுவார்கள் என்றோ என்னவோ, அவரிடமிருந்த லித்துவேனிய இதழ்களைக் காரணம் காட்டி 1975 டிசம்பரில் வில்னியஸில் வழக்கை நடத்தினார்கள். அந்த வருஷம் அமைதி நோபல் பரிசு அணுவிஞானி ஆந்திரேய் சகாரவுக்கு. நார்வே போக அவருக்கு அனுமதி இல்லை. டிசம்பர் 10 அன்று ஓஸ்லோவில் அவர் மனைவி யெலேனா போன்னர் பரிசை வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், சகாரவ் வில்னியஸ் நீதிமன்றத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே விடவில்லை. கவல்யோவுக்கு ஏழு வருஷம் முகாம், அதன் பிறகு மூன்று வருஷம் ஒதுக்குப்புற ஊரில். வெலிகானவா ஐந்து வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார். 1979 நவம்பர் 1 அன்று அவர் கைதாகும் வரை இதழின் முதுகெலும்பு அவர்தான் என்று பின்னால் தெரிந்தது. நாலு வருஷம் முகாம், ஐந்து வருஷம் வெளியூர். ஹதரோவிச் 1977இல் நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. இதழ் 1983 வரை இழுத்துப்பிடித்து ஓடி, கைதுகளால் ஆளின்றி நின்றது.

சில வாசகர்களைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. டைப்ரைட்டரே இல்லாதவர்கள். பிரதிகள் எல்லை தாண்டிப் போய், வெளிநாட்டு ரஷ்ய மொழி வானொலிகள் வழியாகத் திரும்பி உள்ளே வந்தன. லண்டனில் ஆம்னெஸ்டி 1971இலிருந்து ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியிட்டது. வானொலி அலையை இரைச்சல் போட்டு அடைப்பார்கள், அந்த இரைச்சலுக்கு நடுவே காதை ஒட்ட வச்சுக் கேட்டவர்கள் உண்டு. கார்பன் பேப்பர் எட்டாத ஊருக்குச் செய்தி குரலாகப் போனது. பாட்காஸ்ட் பண்றவனா இதைச் சொல்லும்போது கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கு.

சரி, இவ்வளவும் எதைச் சாதித்தது? இருபத்து நாலு கோடி மக்கள் இருந்த நாடு அது. க்ரோனிகாவைக் கையில் தொட்டவர்கள் அதில் துளி. பெரும்பாலும் பெரிய நகரத்துப் படித்தவர்கள். நோவோசெர்காஸ்க் மாதிரி ஒரு தொழிற்சாலை வாசலில் அது சுற்றியிருக்கும்னு எனக்குத் தோணலை. சோவியத் யூனியன் உடைந்ததுக்கு எண்ணெய் விலை, ஆஃப்கன் போர், கோர்பச்சேவ், குடியரசுகளின் தேசியவாதம்னு வேற பெரிய காரணங்கள் இருக்கு. ஒரு தட்டச்சு இதழ் வல்லரசைச் சாய்த்ததுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஆனா கதவு திறந்தபோது யார் தயாராக இருந்தாங்கன்னு பாருங்க. சொர்னோவில் 1991இல் உக்ரேன் அதிபர் தேர்தலில் நின்று இரண்டாவது இடம் வந்தார். லித்துவேனிய இதழை நடத்திய சிகிதாஸ் தம்கேவிசியஸ் என்ற பாதிரியார் பின்னாளில் கர்தினால் ஆனார். கவல்யோவ் 1990இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், ரஷ்யாவின் 1993 அரசியலமைப்பில் உரிமைகள் பற்றிய அத்தியாயத்தை எழுதுவதில் பங்கெடுத்தார், நாட்டின் முதல் மனித உரிமை ஆணையர் ஆனார். 1994 டிசம்பரில் யெல்ட்சின் செச்னியா மேல் குண்டு போட்டபோது அந்த ஆணையர் எங்கே இருந்தார்? குண்டு விழுந்துகொண்டிருந்த குரோஸ்னியில். அங்கிருந்தே நடப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். தேதி, இடம், என்ன நடந்தது. 1995இல் பதவியைப் பறித்தார்கள்.

வெலிகானவா வேறு மாதிரி. கோர்பச்சேவ் காலத்தில் கைதிகளை மன்னித்து விடுவித்தபோது, நான் குற்றமே செய்யாதபோது மன்னிப்பு எதுக்குன்னு, தண்டனைக் காலம் முடியும்வரை ஒதுக்குப்புற ஊரிலேயே இருந்தார். அப்புறம் மாஸ்கோ வந்து பள்ளியில் பாடம் நடத்தினார். எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை.

கோர்பனேவ்ஸ்கயா 1975இல் பாரிஸுக்குப் போய்விட்டார். 2013 ஆகஸ்ட் 25 அன்று, அந்த ஆர்ப்பாட்டத்தின் 45ஆவது ஆண்டில், தன் எழுபத்தேழாவது வயசில் செஞ்சதுக்கத்துக்கு மறுபடி வந்தார். அதே வாசகம் எழுதிய பதாகையை இளைஞர்கள் சிலரோடு சேர்ந்து விரித்தார். அனுமதியில்லாத கூட்டம் என்று போலீஸ் பத்துப் பேரைப் பிடித்துக்கொண்டு போனது. அவரை மட்டும் தொடவில்லை. மூன்று மாதம் கழித்து, நவம்பர் 29 அன்று, பாரிஸில் அவர் இறந்தார்.